அட்மிஷனுக்கு முன்பே பூ வைக்கும் பல்கலைக்கழகங்கள்!

பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய காலம் ஒன்று உண்டு. அந்த ஒரு வரிக்குப் பெண் வீட்டில் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். 'மாப்பிள்ளையோட அம்மா சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க' என்பார் அத்தை. 'பஜ்ஜியை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்களே, கவனிச்சீங்களா?' என்பார் சித்தி. அப்பா மட்டும் எதுவும் பேசாமல் தபால்காரர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவில் பள்ளியின் கடைசி வகுப்பில் பிள்ளை படிக்கும் வீடுகளில், ஜனவரி தொடங்கி மார்ச் முடியும்வரை ஏறக்குறைய இதே நிலைதான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் என்று பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பதில் மார்ச் கடைசியில்தான் வரும். அதற்குள் வரும் ஒவ்வொரு இ-மெயிலையும், ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் வீடே உட்கார்ந்து ஆராய்கிறது.

நம்மூரில் இந்த அவஸ்தை இந்த வடிவத்தில் கிடையாது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கணக்குப் போட்டு, இன்ஜினீயரிங் கட் ஆஃப் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம். ரேங்க் பட்டியலும் வந்துவிடும். போன வருஷம் எந்தக் கல்லூரி எந்தக் கட் ஆஃபில் நின்றது என்பதையும் வைத்துப் பார்த்தால், கவுன்சலிங்குக்கு முன்பே முக்கால்வாசி முடிவு தெரிந்துவிடும். அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கட் ஆஃப் எதையும் வெளியிடுவதில்லை. மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, இசை, குடும்பப் பின்னணி என எல்லாவற்றையும் ஒரு குழு படித்துப் பார்த்து, வாக்கெடுத்து முடிவு செய்யும். அந்த அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது மாணவருக்குக் கடைசிவரை தெரியாது.

போட்டியோ சொல்லி மாளாது. 2024-ல் ஹார்வர்டுக்கு வந்த விண்ணப்பங்கள் 54,008. இடம் கிடைத்தவர்கள் 1,937 பேர். நூறு பேரில் நான்கு பேருக்குக்கூட இல்லை! அந்த நூறு பேரில் பெரும்பாலானவர்கள் அவரவர் பள்ளியில் முதல் சில இடங்களில் இருப்பவர்கள்தான்.

இந்த இருட்டுக்கு நடுவே ஒரு சிலருடைய வீட்டுக்கு மட்டும் பிப்ரவரியிலோ, அதற்கும் முன்பாகவோ ஒரு கடிதம் வருகிறது. அதன் பெயர் 'லைக்லி லெட்டர்'.

இடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லாத கடிதம்

'உங்களுக்கு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்' என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். 'இடம் கொடுத்துவிட்டோம்' என்று அதில் இருக்காது. ஆனால், நடைமுறையில் அதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. படிப்பில் சறுக்காமல், ஒழுங்கு நடவடிக்கை எதிலும் சிக்காமல் பள்ளிப் படிப்பை முடித்தால் போதும், முறையான அனுமதிக் கடிதம் பின்னாலேயே வந்துவிடும். ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் சேர்ந்து வெளியிட்டுள்ள சேர்க்கை விதிகளிலேயே, இந்தக் கடிதத்துக்கு அனுமதிக் கடிதத்தின் பலன் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் கல்யாணப் பேச்சில் சொன்னால் இது பூ வைத்துவிட்டுப் போவது. நிச்சயதாம்பூலம் இன்னும் மாற்றவில்லை, பத்திரிகை அடிக்கவில்லை. ஆனால், பூ வைத்த பிறகு ஒரு வீடு பின்வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

அப்படியானால் நேராக அனுமதிக் கடிதத்தையே அனுப்பிவிட வேண்டியதுதானே? அனுப்ப முடியாது. பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மவுத், ஹார்வர்ட், பென்சில்வேனியா, பிரின்ஸ்டன், யேல் ஆகிய எட்டும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் முடிவை வெளியிடுவது என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டிருக்கின்றன. 'ஐவி டே' என்று மாணவர்கள் அழைக்கும் அந்த நாள் பெரும்பாலும் மார்ச் கடைசியில் வரும். அதற்கு முன் எவரும் முந்திக்கொள்ளக் கூடாது. ஆனால், நல்ல மாணவரை அடுத்த பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே! அதற்கான சந்துதான் இந்த லைக்லி லெட்டர். விதியை வகுத்தவர்களே விட்டுவைத்த சந்து.

ஆடுகளத்திலிருந்து வந்த வழக்கம்

இந்தக் கடிதத்தின் பூர்வீகம் படிப்பு அல்ல, விளையாட்டு. 'ஐவி லீக்' என்பதே ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பின் பெயர்தான். 1954-ல் எட்டுப் பல்கலைக்கழகங்களும் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. மற்ற பெரிய பல்கலைக்கழகங்கள், 'முழுக் கட்டணமும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கையெழுத்துப் போடு' என்று 17 வயது வீரர் முன்னால் காகிதத்தை நீட்டும். ஐவி லீக் பயிற்சியாளரிடம் நீட்டப் பணமும் இல்லை, காகிதமும் இல்லை. 'மார்ச் கடைசிவரை பொறுத்திரு தம்பி' என்றால் எந்த வீரர் பொறுப்பார்?

அதனால் விளையாட்டு வீரர்களுக்கு அக்டோபர் 1 முதலே லைக்லி லெட்டர் அனுப்பலாம் என்று விதி செய்தார்கள். அதற்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. பயிற்சியாளர் தனக்குப் பிடித்த வீரரின் மதிப்பெண் சான்றிதழைச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டி, 'இந்தப் பிள்ளை தேறுமா?' என்று கேட்பார். இதற்கு 'ப்ரீ-ரீட்' என்று பெயர். அலுவலகம் பச்சைக்கொடி காட்டினால்தான் பயிற்சியாளர் மேற்கொண்டு பேசுவார். சேர்க்கப்படும் வீரர்களின் படிப்புத்தரம் மற்ற மாணவர்களைவிட வெகுவாகக் கீழே போய்விடக் கூடாது என்பதற்காக, மதிப்பெண்ணையும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து 'அகாடமிக் இண்டெக்ஸ்' என்று ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள்.

பயிற்சியாளர் வாயால் சொல்லும் வாக்குறுதிக்குச் சட்டபூர்வமான மதிப்பு எதுவும் கிடையாது. 'நீ எங்க டீம்ல இருக்கே, கவலைப்படாதே' என்று அவர் தோளில் தட்டிச் சொன்னாலும், இடம் கொடுக்கும் அதிகாரம் சேர்க்கை அலுவலகத்துக்கு மட்டும்தான். அதேபோல, 'எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் சேருவேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் லைக்லி லெட்டர் தருவோம்' என்று பேரம் பேசவும் பயிற்சியாளருக்கு உரிமை இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் ஏமாறும் குடும்பங்கள்தான் அதிகம்.

விளையாட்டு எவ்வளவு பெரிய வாசல் என்பது நீதிமன்றத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. ஆசிய வம்சாவளி மாணவர்களுக்கு அநீதி நடக்கிறது என்று ஹார்வர்ட் மீது தொடரப்பட்ட வழக்கு 2018-ல் விசாரணைக்கு வந்தபோது, பல்கலைக்கழகத்தின் உள்கணக்குகள் வெளியாயின. பயிற்சியாளர் பரிந்துரைத்த விளையாட்டு வீரர்களில் 86 சதவிகிதம் பேருக்கு இடம் கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு நூறில் ஐந்தாறு!

ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் விளையாட்டு ஒரு ஏணிதானே என்று தோன்றலாம். கூடைப்பந்துக்கும் ஓட்டத்துக்கும் அது ஓரளவு பொருந்தும். ஆனால் படகுவலித்தல், வாள்வீச்சு, ஸ்குவாஷ், பாய்மரப் படகு என்று ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் ஆளெடுக்கும் விளையாட்டுகள் பலவும் கிளப்பும் தனிப் பயிற்சியாளரும் வேண்டியவை. ஸ்குவாஷில் மட்டும் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. சென்னை, இந்திய ஸ்குவாஷின் தலைநகரம் மாதிரி. தமிழகத்தின் வேலவன் செந்தில்குமார் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணிக்காக ஆடியவர். கொல்கத்தாவின் ரமித் டாண்டனும் அங்கே படித்தவர்தான்.

விளையாட்டில் தொடங்கிய வழக்கம் மெல்லப் படிப்புக்கும் வந்தது. ஆராய்ச்சியில், கணிதத்தில், இசையில் அபாரமான திறமை உள்ளவர்களுக்கு யேல், கொலம்பியா போன்றவை லைக்லி லெட்டர் அனுப்புகின்றன. யேல் பல்கலைக்கழகம், அறிவியல் மற்றும் பொறியியலில் சிறந்த விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுத்து, முடிவு வருவதற்கு முன்பே வளாகத்துக்கு அழைத்து விருந்தோம்பல் செய்கிறது. எம்.ஐ.டி-யும் ஸ்டான்ஃபோர்டும் அறிவியலில் இழுத்துக்கொண்டு போய்விடும் பிள்ளைகளைத் தன் பக்கம் திருப்ப யேல் கண்டுபிடித்த வழி என்று இதைச் சொல்லலாம். மாணவரைப் பல்கலைக்கழகம் தேடிப்போய்க் கெஞ்சும் ஒரே சமயம் இதுதான். மற்ற நாளெல்லாம் நிலைமை தலைகீழ்.

ஏ, பி, சி

இப்படி முன்கூட்டியே காதில் சொல்வது புதிதும் அல்ல. 1950, 60-களில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் அதிகாரிகள் தங்களுக்கு வழக்கமாக மாணவர்களை அனுப்பும் பணக்கார உறைவிடப் பள்ளிகளுக்கு நேரில் போவார்கள். அங்கே மாணவர்களுக்கு ஏ, பி, சி என்று குறி போடுவார்கள். 'ஏ' என்றால் இடம் ஏறக்குறைய உறுதி, 'பி' என்றால் பார்க்கலாம், 'சி' என்றால் வேறு இடம் தேடிக்கொள். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்தவருக்கு அப்படி ஒரு குறி இருப்பதே தெரியாது.

எதிர்ப்பு எழுந்து 70-களில் அந்த முறை போனது. அதன் இடத்தில், எல்லோருக்கும் பொதுவாக 'முன்கூட்டியே விண்ணப்பித்தால் முன்கூட்டியே பதில்' என்ற ஏற்பாடு வந்தது. நவம்பர் 1-க்குள் விண்ணப்பித்தால் டிசம்பர் நடுவில் பதில் தெரிந்துவிடும். இதில் இரண்டு வகை உண்டு. பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மவுத், பென்சில்வேனியா ஆகியவற்றில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனில் அந்தக் கட்டாயம் இல்லை.

பெயரளவில் எல்லோருக்கும் பொதுதான். ஆனால், 'எவ்வளவு செலவாகும் என்று மற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே சேருகிறேன்' என்று யாரால் கையெழுத்துப் போட முடியும்? பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத வீட்டுப் பிள்ளையால்தான். 2003-ல் மூன்று ஆய்வாளர்கள் இதுபற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். எஸ்.ஏ.டி தேர்வில் கூடுதலாக 100 மதிப்பெண் எடுத்தால் என்ன பலனோ, அதே பலன் முன்கூட்டியே விண்ணப்பிப்பவருக்குக் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வசதி குறைந்தவர்களுக்கு இது பாதகம் என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-ல் இந்த முறையையே கைவிட்டன. ஐவி லீகில் மற்றவை பின்தொடரவில்லை. 2011-ல் இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன.

விலைக்குப் போன கடிதம்

ஒரு கடிதத்துக்கு இவ்வளவு மதிப்பிருந்தால், அதை விற்கவும் ஒருவர் வருவார்தானே? வந்தார்.

2019 மார்ச்சில் அமெரிக்காவையே உலுக்கிய கல்லூரிச் சேர்க்கை ஊழலில், வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் பயிற்சியாளர் கார்டன் எர்ன்ஸ்ட்டின் பெயர் அடிபட்டது. ஜார்ஜ்டவுன் ஐவி லீகில் இல்லை. ஆனால், விளையாட்டு வீரர்களுக்கு அதுவும் லைக்லி லெட்டர் அனுப்பும். இடம் கிடைக்கும் வாய்ப்பு 95 சதவிகிதத்துக்கும் மேல் என்று அந்தக் கடிதத்திலேயே இருந்ததை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வைத்தது. அணியில் ஆடும் தரம் இல்லாத பணக்கார வீட்டுப் பிள்ளைகளை டென்னிஸ் வீரர்கள் என்று காட்டி, அணிக்கென ஒதுக்கிய இடங்களைப் பயிற்சியாளர் விற்றிருக்கிறார். பல ஆண்டுகளில் அவர் வாங்கிய லஞ்சம் 34 லட்சம் டாலருக்கும் மேல். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2022-ல் இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. யேலின் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளரும் இதே ஊழலில் சிக்கினார். அதில் ஒரு மாணவியின் இடத்துக்காக அவர் கைக்குப் போன தொகை 4 லட்சம் டாலர்.

விற்ற இடங்கள் காற்றில் முளைத்தவை அல்ல. மழையிலும் பனியிலும் நிஜமாகவே டென்னிஸ் ஆடிவிட்டு, வராத கடிதத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் இடங்கள். அவர்கள் யார் யார் என்று எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இல்லை.

சகுனம் பார்க்கும் மாதங்கள்

லைக்லி லெட்டர் வராதவர்கள் என்ன செய்வார்கள்? சகுனம் பார்ப்பார்கள். காகிதக் கடிதம் வந்த காலத்தில் சகுனம் சுலபம். தபால் பெட்டியில் தடிமனான உறை கிடந்தால் இடம் கிடைத்துவிட்டது. உள்ளே நிரப்ப வேண்டிய படிவங்கள் இருக்கும். மெல்லிய உறை என்றால் ஒரே ஒரு தாள், 'வருந்துகிறோம்'. உறையைப் பிரிக்காமலே தொட்டுப் பார்த்து அழுத பிள்ளைகள் உண்டு.

இப்போது எல்லாம் இணையத்தில். பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் புதிதாக ஒரு பொத்தான் முளைத்தால் நல்ல சகுனமா? நிதியுதவி அலுவலகம் வருமானச் சான்று கேட்டால்? பழைய மாணவர் ஒருவர் நேர்காணலுக்கு அழைத்து ஒன்றரை மணி நேரம் பேசினால்? உண்மையில் இவை எதற்கும் பொருள் கிடையாது. நேர்காணல் அழைப்பு வருவதும் வராததும், அந்த ஊரில் நேரம் ஒதுக்கக்கூடிய பழைய மாணவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. வருமானச் சான்று, கோப்பில் ஒரு தாள் குறைகிறது என்பதற்காகக் கேட்கப்படுவது. பஜ்ஜியை இரண்டாவது முறை கேட்டது, பசியால்தான்!

சகுனம் பொய்த்தாலாவது பரவாயில்லை. பல்கலைக்கழகமே தவறுதலாகப் பூ வைத்துவிட்டுப் போன கதைகளும் இருக்கின்றன. 2009-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம், 'வாழ்த்துகள்' என்று அனுப்பிய இ-மெயில், ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட சுமார் 28,000 பேருக்கும் சேர்ந்து போய்விட்டது. சில மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில். 2015-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த சுமார் 800 பேருக்கு இதே போலத் தவறுதலாக அனுமதி மெயில் அனுப்பியது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தாத்தா, பாட்டி வரை போன் பேசி முடித்துவிட்ட வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்தவர்களின் கதை இன்னும் மோசம். 2005 மார்ச்சில், ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் உள்ளிட்ட சில நிர்வாகக் கல்லூரிகளின் சேர்க்கை மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. இணைய முகவரியைக் கொஞ்சம் மாற்றித் தட்டினால், வெளியிடப்படாத முடிவைப் பார்த்துவிடலாம் என்று யாரோ ஒருவர் இணையத்தில் எழுதிவைத்தார். பலர் தட்டினார்கள். சிலருக்கு வெற்றுத் திரைதான் தெரிந்தது. சிலருக்கு நிராகரிப்பு தெரிந்தது. மாட்டிக்கொண்ட 119 பேரையும் ஹார்வர்ட் ஒட்டுமொத்தமாக நிராகரித்தது. டார்ட்மவுத்தின் டக் கல்லூரி அப்படிச் செய்யாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடைபோட்டது. தன் பெயரிலுள்ள தன் முடிவைத் தானே பார்த்தது திருட்டா, பதற்றமா? அன்று இரண்டு பக்கமும் அனல் பறக்க விவாதம் நடந்தது. வெற்றுத் திரையைப் பார்த்ததற்காக வாய்ப்பை இழந்தவர்களுக்குக் கிடைத்த தண்டனை கொஞ்சம் அதிகம்தான்.

இங்கிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

சென்னையிலோ கோவையிலோ இருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சில விஷயங்களை மனதில் வைக்கலாம். லைக்லி லெட்டர் வராதது நிராகரிப்பின் அடையாளம் அல்ல. ஐவி லீகில் இடம் கிடைக்கும் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கடிதத்தைப் பார்த்ததே இல்லை. பல பல்கலைக்கழகங்களில் அது ஏறக்குறைய விளையாட்டு வீரர்களுக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு பிப்ரவரியில் வந்தது என்று சொல்லிப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

வந்துவிட்டால்? பள்ளிப் பாடத்தை அப்போதே மூட்டை கட்டி வைத்துவிடக் கூடாது. இறுதித் தேர்வு மதிப்பெண் அங்கே போகும். பெரிய சரிவு இருந்தால் விளக்கம் கேட்பார்கள். நடத்தையும் கணக்கில் உண்டு. 2017-ல் ஹார்வர்ட், முழு அனுமதியே பெற்றுவிட்ட குறைந்தது பத்து மாணவர்களின் இடத்தை ரத்து செய்தது. சமூக வலைதளக் குழு ஒன்றில் அவர்கள் ஆபாசமான, இனவெறி கலந்த மீம்ஸ் பகிர்ந்ததுதான் காரணம்.

ஏஜென்ட் யாராவது 'லைக்லி லெட்டர் வாங்கித் தருகிறேன்' என்றால் வாசலைக் காட்டிவிடுங்கள். அதை வாங்கித் தந்தவர்கள் எங்கே போனார்கள் என்று மேலே பார்த்தோம்.

பணம் தனிக்கதை. ஐவி லீகில் மதிப்பெண்ணுக்கென்றோ விளையாட்டுக்கென்றோ உதவித்தொகை இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றும், ஐவி லீகுக்கு வெளியே எம்.ஐ.டி-யும், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறார் என்பதற்காக அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளி வைப்பதில்லை. இடம் கொடுத்தால் தேவையான தொகையையும் கொடுத்துவிடுகின்றன. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அப்படி அல்ல. லைக்லி லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டே, 'உத்தேசமாக எவ்வளவு உதவி கிடைக்கும்?' என்று நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். கேட்பதால் வந்த கடிதம் திரும்பிப் போய்விடாது. கணக்குப் பார்த்து, ஒத்துவராவிட்டால் வேண்டாம் என்று சொல்லவும் முழு உரிமை உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேருவது என்று முடிவு சொல்ல வழக்கமான கடைசி நாள் மே 1.

மற்றவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டியது ஐவி டேக்குத்தான். முடிவுகள் வழக்கமாக அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி மாலை 7 மணிக்கு வெளியாகும். அப்போது இங்கே மறுநாள் விடியற்காலை 4.30. கோலம் போடும் நேரம். வீட்டில் ஒருவராவது எழுந்து பால் காய்ச்சி வைத்திருப்பது நல்லது. எட்டு இணையப் பக்கங்களைத் திறக்க வேண்டியிருக்கும்.